ஏட்ரியானோபிள் 378: ரோமப் படையைச் சாய்த்தது குதிரையா, பசியா?

கேள்வி: கி.பி. 378-இல் ஏட்ரியானோபிளில் (இன்றைய துருக்கியின் எதிர்னே) கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் குதிரைப்படை ரோமானியரை நசுக்கியது, அன்றோடு காலாட்படையின் காலம் முடிந்தது என்கிறார்கள். அப்படியானால் வென்ற கையோடு கோத்துகளால் ஏன் ஒரு பெரிய நகரத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை?

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டால் முதல் பாதிக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். குதிரைப்படை வந்தது, அடித்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது அடித்தபோது எதிரே நின்றது விடியலிலிருந்து நடந்து, சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் வெயிலில் காய்ந்து, பாதி அணிவகுத்தும் பாதி சாலையிலுமாகக் கிடந்த படை. இந்தப் போரை 376-இலிருந்து 382 வரை முழுதாகப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் வாளைவிடக் கோதுமைதான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் அங்கவடிக் கதையை, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தின் கதையை, ஒதுக்கிவிடுவோம். கோத்துக் குதிரைவீரன் அங்கவடியில் காலூன்றி ஈட்டியால் குத்தியதால்தான் காலாட்படை தோற்றது என்று பழைய பாடநூல்களில் இருக்கும். 378-இல் ஐரோப்பாவில் அங்கவடியே கிடையாது. ரோமானியப் போர்க் கையேடுகளில் அது தலைகாட்டுவது சுமார் 600-ஐ ஒட்டித்தான். இரு பக்கக் குதிரைவீரர்களும் சேணத்தில் தொடையை இறுக்கித்தான் உட்கார்ந்தார்கள். இன்னொன்று, ஃபிரிட்டிகெர்ன் தலைமையிலான கோத்துகளில் பெரும்பகுதி காலாட்கள். கையிலிருந்த ஆயுதங்களிலும் பல ரோமானியர் செய்தவை.

அவை எப்படி அவர்கள் கைக்குப் போயின என்பதில்தான் கதையே தொடங்குகிறது. 376-இல் ஹூணர்கள் பின்னாலிருந்து நெருக்க, தெர்விங்கி கோத்துகள் குடும்பம் குட்டியோடு டான்யூப் கரைக்கு வந்து நின்றார்கள். கிழக்கு ரோமப் பேரரசர் வேலன்ஸ் அப்போது அந்தியோக்கியாவில், ஆர்மீனியா விவகாரத்தில் பாரசீகத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். படைக்கு ஆள் கிடைக்கும் என்ற கணக்கில் அனுமதி கொடுத்தார். மழையால் பெருகி ஓடிய ஆற்றை இரவும் பகலும் படகிலும் தெப்பத்திலும் குடைந்த மரத்திலும் கடந்தார்கள். நிறையப் பேர் மூழ்கினார்கள். எண்ண நியமித்த அதிகாரிகள் பாதியிலேயே கைவிட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. பேச்சுக்கு, பெண்கள் பிள்ளைகள் சேர்த்து 60,000 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு முக்கால் கிலோ தானியம் என்றால் ஒரு நாளைக்கு 45 டன். ரோம அரசின் சட்டப்படி ஒரு மாட்டுவண்டியில் 1,500 ராத்தலுக்கு மேல் ஏற்றக்கூடாது. ரோம ராத்தல் சுமார் 327 கிராம், ஆக வண்டிக்கு அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. தினமும் 90 வண்டி வந்து இறங்க வேண்டும். மாடு ஒரு நாளில் நடப்பது 15 கிலோமீட்டர் போல. ஐந்து நாள் தூரத்தில் களஞ்சியம் இருந்தால், போக வர என்று எந்த நேரமும் 900 வண்டி சாலையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நேர்மையான அதிகாரிக்கே இது பெரும்பாடு. அங்கே பொறுப்பில் இருந்த லூபிசினஸும் மாக்சிமஸும் நேர்மையானவர்களும் அல்லர். நாய்களைப் பிடித்துவந்து, ஒரு நாய்க்கு ஒரு அடிமை என்று விற்றார்கள். தலைவர்களின் பிள்ளைகள்கூட அப்படி அடிமையாகப் போனார்கள். ஆயுதத்தைக் களைந்துவிட்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. லஞ்சம் அதையும் கடந்துவிட்டது.

பசியில் கூட்டம் கொந்தளிக்க ஆரம்பித்ததும் லூபிசினஸ் அவர்களை மார்சியனோபிள் நகருக்கு ஓட்டிப்போனார். அந்தக் காவலுக்கு ஆற்றங்கரைப் படையை எடுக்க வேண்டியதாயிற்று. கரை காலியானதும், அனுமதி மறுக்கப்பட்டிருந்த கிரூதுங்கி கோத்துகள் அலத்தியஸ், சஃப்ராக்ஸ் என்ற இரு தலைவர்களின் கீழ் சத்தமில்லாமல் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஏட்ரியானோபிளில் பாய்ந்த குதிரைப்படை இவர்களுடையதுதான். அதாவது அந்தக் குதிரைகளை உள்ளே விட்டதே தானியத் தட்டுப்பாடுதான்.

மார்சியனோபிளில் விருந்துக்குக் கூப்பிட்டு, கோத்துத் தலைவர்களின் மெய்க்காவலர்களை லூபிசினஸ் வெட்டிச் சாய்த்தார். வெளியே இருக்கும் கூட்டத்தை அமைதிப்படுத்துகிறேன் என்று சொல்லி ஃபிரிட்டிகெர்ன் தப்பித்தார். நகரிலிருந்து ஒன்பது மைலில் நடந்த சண்டையில் லூபிசினஸ் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓட, செத்த ரோம வீரர்களின் கவசமும் வாளும் கோத்துகளுக்குச் சேர்ந்தன. அடுத்து ஏட்ரியானோபிளில் ஒரு முட்டாள்தனம். அங்கே ஏற்கெனவே ரோமச் சம்பளத்தில் சுவேரிதாஸ், கோலியாஸ் என்பவர்களின் கீழ் ஒரு கோத்துப் பிரிவு அமைதியாக இருந்தது. ஆசியாவுக்குப் போ என்று உத்தரவு வந்ததும், வழிச்செலவுப் பணமும் சாப்பாடும் இரண்டு நாள் அவகாசமும் கேட்டார்கள். நியாயமான கேட்பு. தன் தோட்டத்தை அவர்கள் சூறையாடிய கோபத்தில் இருந்த நகரத் தலைவர், அரசு ஆயுதப் பட்டறைத் தொழிலாளர்களைத் திரட்டி விரட்டப் பார்த்தார். வாங்கிக்கட்டிக்கொண்டார். அந்தப் பிரிவு முழுக்க ஃபிரிட்டிகெர்னோடு போய்ச் சேர்ந்தது. வரி தாங்காத திரேசிய தங்கச் சுரங்கத் தொழிலாளர்களும் சேர்ந்து, எந்த ஊரில் தானியம் புதைத்திருக்கிறது என்று வழிகாட்டினார்கள்.

எல்லாரும் சேர்ந்து ஏட்ரியானோபிளை முற்றுகையிட்டபோது எந்தப் பயனும் இல்லை. அப்போது ஃபிரிட்டிகெர்ன் சொன்னதாக வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதியிருப்பது புகழ்பெற்ற வாசகம்: சுவர்களோடு எனக்குச் சமாதானம். ஆளைக் கொண்டுபோய்க் கல்லில் மோதவிடாமல், காவல் இல்லாத வளமான கிராமங்களைக் கொள்ளையடிக்கச் சொன்னார். அது கோழைத்தனம் இல்லை. முற்றுகை என்பது ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது. சுற்றியுள்ள தானியம் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும், பிறகு முற்றுகையிட்டவன்தான் பட்டினி.

ரோமானியர்களுக்கும் இது தெரியும். 377-இல் டான்யூப் முகத்துவாரப் பக்கம் ‘வில்லோ மரங்கள்’ என்ற இடத்தில் நாள் முழுக்க நடந்த போர் யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது. கோத்துகளின் ‘கராகோ’ என்ன செய்யும் என்று அங்கேதான் காட்டினார்கள். வண்டிகளை வட்டமாகக் கோத்து நிறுத்தி, உள்ளே குடும்பமும் மாடுகளும், வெளியே சண்டை, தோற்றால் உள்ளே ஒதுக்கம். ஏழு நாள் உள்ளேயே இருந்தார்கள். அதற்குப் பிறகு ரோமத் தளபதிகள் செய்ததுதான் இந்தப் போரிலேயே புத்திசாலித்தனமான காரியம் என்பேன்: தானியத்தை எல்லாம் மதில் நகரங்களுக்குள் ஏற்றிவிட்டு, ஹீமஸ் (இன்றைய பால்கன்) மலைக் கணவாய்களை மறித்துவிட்டார்கள். கோத்துகள் தடுமாறினார்கள். கொள்ளையில் பங்கு தருவதாகச் சொல்லி ஹூணர்களையும் ஆலன்கள் என்ற புல்வெளிக் குதிரைவீரர்களையும் கூட்டிவந்த பிறகுதான், சுற்றி வளைக்கப்படுவோம் என்று பயந்து மறிப்பு விலகியது.

378 கோடையில் தளபதி செபாஸ்டியானஸ் இன்னொரு நல்ல வழியைக் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் 300 பேரைப் பொறுக்கி எடுத்து, கொள்ளைக்குப் பிரிந்து போன கோத்துக் கூட்டங்களை இரவில் அடித்தார். ஹீப்ரஸ் ஆற்றங்கரையில் ஒரு கூட்டமே அழிந்தது. ஃபிரிட்டிகெர்ன் அரண்டுபோய், சிதறியிருந்தவர்களை எல்லாம் கபிலே ஊர்ப் பக்கம் ஒன்றுசேர்த்தார். ஒரே இடத்தில் திரண்ட கூட்டத்துக்குச் சாப்பாடு போதாது. நகர்ந்தே ஆக வேண்டும். ரோம் இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் போதும்.

வேலன்ஸ் பொறுக்கவில்லை. மேற்கிலிருந்து வரவேண்டிய மேற்கு ரோமப் பேரரசர் கிரேஷியன், ரைன் பக்கம் அலமன்னி என்ற ஜெர்மானியக் குழுவினரை முறியடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் காத்திரு என்று தன் தளபதி ரிச்சோமெரஸ் மூலம் கடிதமும் அனுப்பியிருந்தார். குதிரைப்படைத் தளபதி விக்டரும் அதையே சொன்னார். ஆனால் ஒற்றர்கள் எதிரியின் எண்ணிக்கையை 10,000 என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் மகனான கிரேஷியனோடு வெற்றியைப் பங்குபோட வேண்டாம் என்ற எரிச்சல் வேறு. அந்த 10,000-இல் அலத்தியஸ், சஃப்ராக்ஸ் குதிரைப்படை இல்லை. அது தூரத்தில் இருந்தது, பெரும்பாலும் தீவனம் தேடி.

ஆகஸ்ட் 9 அன்று நடந்ததைக் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். மூட்டை முடிச்சு நகர மதிலோரம் காவலோடு விடப்பட்டது; கருவூலமும் அரச சின்னங்களும் மதிலுக்குள் வைக்கப்பட்டன. விடியலில் கிளம்பிக் கரடுமுரடான சாலையில் நடந்து, பகலின் எட்டாம் மணியில், அதாவது பிற்பகல் இரண்டு மணிவாக்கில், வண்டி வளையம் கண்ணில் பட்டது. மூட்டைகள் நகரத்தோரம் என்றால் சமையலும் அங்கேதான். மனிதரும் விலங்கும் பசியில் வாடியதை அம்மியானஸ் தெளிவாகவே எழுதுகிறார். ஆகஸ்ட் வெயில் போதாதென்று கோத்துகள் காய்ந்த புல்லையும் விறகையும் கொளுத்திவிட்டிருந்தார்கள். சமவெளி முழுக்கப் புகையும் அனலும்.

அணிவகுப்பு ஏன் முடியவில்லை? வேலன்ஸின் படை 15,000-இலிருந்து 30,000 வரை இருக்கலாம் என்று பலவாறு சொல்கிறார்கள். 20,000 என்று கொள்வோம்: 15,000 காலாள், 5,000 குதிரை. காலாட்கள் ஆறு பேர் அகலத்தில், வரிசைக்கு 2 மீட்டர் என்றால் 5 கிலோமீட்டர். குதிரைகள் நான்கு அகலத்தில், வரிசைக்கு மூன்றரை மீட்டர் என்றால் 4 கிலோமீட்டருக்கு மேல். தலை வந்து நின்ற பிறகு வால் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெடுவரிசையின் முன்னால் வந்த குதிரைப்படை வலப்பக்கம் நின்றது. பின்னால் வந்தது இடப்பக்கம் நிற்க வேண்டும். போர் வெடித்தபோது இந்த இடப்பக்கக் குதிரைப்படை இன்னும் சாலைகளில் சிதறி வந்துகொண்டிருந்தது.

ஃபிரிட்டிகெர்ன் இதைப் புரிந்துகொண்டு நேரத்தை இழுத்தார். தூதர் வந்தார்கள், தகுதி போதாது என்று வேலன்ஸ் திருப்பினார். உயர்குடிப் பிணையாள் வேண்டும் என்று மறுபடி ஆள் வந்தான். வேலன்ஸின் உறவினரான ஈக்விட்டியஸைப் போகச் சொன்னார்கள். ஒருமுறை கோத்துகளிடம் சிறைப்பட்டுத் தப்பியவர் என்பதால் மறுத்துவிட்டார். ரிச்சோமெரஸ் தானே முன்வந்து கிளம்பினார். அவர் போய்ச் சேருவதற்குள், கசியோ, பகூரியஸ் ஆகியோரின் கீழிருந்த வில்லாளர்களும் கேடயப் பிரிவினரும் உத்தரவில்லாமல் முன்னே பாய்ந்து, அதைவிட வேகமாகப் பின்வாங்கினார்கள். தாகத்தில் நிற்கும் படையை நிறுத்திவைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த நொடியில்தான் மலைப்பக்கத்திலிருந்து அலத்தியஸ், சஃப்ராக்ஸ் குதிரைகள் ஆலன்களோடு இறங்கின.

ஆனாலும் ரோமப் படையின் இடப்பக்கம் வண்டிகள் வரை முட்டிக்கொண்டு போனது. பின்னால் குதிரைப்படைத் துணை இல்லை. பெரிய கரை உடைந்து விழுவதுபோல அப்படியே சரிந்தது என்கிறார் அம்மியானஸ். அதற்குப் பிறகு காலாட்படையின் பக்கவாட்டு திறந்துகிடந்தது. இங்கே நடந்த கொலையின் இயந்திரம் எளிமையானது. ரோமக் கையேட்டுக் கணக்கில் ஒரு வீரனுக்கு மூன்று அடி அகலம், வரிசைக்கும் வரிசைக்கும் ஆறு அடி இடைவெளி. அவனுடைய நீள்வாளின் அலகு 70 முதல் 90 சென்டிமீட்டர். இடுப்பிலிருந்து உருவவே முழங்கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கேடயத்துக்குள் செருகி வைத்திருக்கும் ஐந்து ஈயக் குண்டு எறியம்புகளை வீசவும் தோள் திருப்ப இடம் வேண்டும். பக்கவாட்டிலிருந்து குதிரைகள் அழுத்த அழுத்த, எள் விழ இடமில்லாமல் போனது. வாளை உருவ முடியவில்லை. உருவியவனால் கையை மடக்க முடியவில்லை. புழுதியில் வானமே தெரியாததால் வரும் அம்பைப் பார்த்து விலகவும் வழியில்லை. நடுவில் நின்றவன் வெறும் பாரம்.

காப்புக்கு வைத்திருந்த படாவிப் பிரிவை அழைத்துவர விக்டர் போனார். அங்கே யாரும் இல்லை. படையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 35 ட்ரிப்யூன்கள் (படை அதிகாரிகள்), தளபதிகள் செபாஸ்டியானஸ், டிரேஜானஸ், கூடவே ஈக்விட்டியஸ் எல்லாரும் காலி. வேலன்ஸின் உடல் கிடைக்கவே இல்லை. அம்பு பட்டுச் செத்தார் என்றும், பண்ணை வீட்டில் வைத்துக் கொளுத்தப்பட்டார் என்றும் இரண்டு பேச்சு.

மறுநாள் காலையே கோத்துகள் ஏட்ரியானோபிள் மதிலடிக்குப் போனார்கள், கருவூலம் உள்ளே இருப்பது தெரிந்து. ஃபிரிட்டிகெர்ன் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: வாயில்களுக்குப் பின்னால் பெரும் பாறைகளை அடுக்கினார்கள், பலவீனமான சுவரைக் கெட்டியாக்கினார்கள், எறிபொறிகளை ஏற்றினார்கள். கூடவே, முற்றுகையின் முதல் நாள் சண்டையில் சிலர் தாகத்திலேயே சாகப் போனதால், காவலர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். களத்தில் வேலன்ஸ் செய்யாததை மதில்மேல் நின்றவர்கள் செய்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அம்பு விஷயம். தங்கள்மீது எய்த அம்புகளையே கோத்துகள் பொறுக்கித் திருப்பி எய்வதைக் கவனித்தார்கள். உடனே, முனையையும் தண்டையும் பிணைக்கும் நரம்புக்கட்டை எய்வதற்கு முன்பே ஓரளவு அறுத்துவிட்டு எய்யச் சொல்லி உத்தரவு போனது. பறக்கும்போது வேகம் குறையாது, உடலில் தைத்தால் காயமும் குறையாது. தரையில் விழுந்தால் தண்டு தனி, இரும்பு தனி. பொறுக்கினாலும் பயனில்லை. கோத்துகளிடம் அம்புப் பட்டறை இல்லை என்பதை அறிந்தவன் மூளையில்தான் இது உதிக்கும். பிறகு எறிபொறி ஒரு பெருங்கல்லை வீசியது. யார் மேலும் படவில்லை. ஆனால் அது விழுந்த சத்தத்தில் கூட்டம் கலங்கிப்போனது. ஏணி போட்டவர்கள்மீது உடைந்த தூண் துண்டுகள் உருண்டன. அடுத்து கான்ஸ்டான்டினோபிள் போனார்கள், மதிலின் நீளத்தைப் பார்த்தார்கள், திரும்பினார்கள்.

379 ஜனவரி 19 அன்று வேலன்ஸின் இடத்தில் பேரரசராகப் பதவியேற்ற தியோடோசியஸுக்கு உண்மையான தட்டுப்பாடு பயிற்சி பெற்ற ஆள். கட்டைவிரலை வெட்டிக்கொண்டு படைச் சேவையிலிருந்து தப்பியவர்களையும் விடாமல், நல்ல ஆள் ஒருவருக்குப் பதில் அப்படிப்பட்டவர் இருவரைக் கொடு என்று 381-இல் சட்டம் போடும் அளவுக்கு நிலைமை. 382 அக்டோபர் 3-இல் உடன்படிக்கை. கோத்துகளுக்குக் கிடைத்தது உழ நிலம்; ரோமுக்குக் கிடைத்தது படைக்கு ஆள். 376-இல் பேசியதும் கிட்டத்தட்ட இதுதான்.

அடுத்த தலைமுறையிலும் அதே கதை. 408-இல் கோத்துத் தலைவர் அலாரிக் ரோம் நகரை மதிலேறித் தாக்கவில்லை. டைபர் ஆற்றை மறித்தார். நகரில் ரொட்டிப் பங்கு பாதியாகி, பிறகு மூன்றில் ஒன்றாகியது. விலகிப்போக அவர் வாங்கியது 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், 3,000 சிவப்புச் சாயத் தோல்கள், 3,000 ராத்தல் மிளகு. அந்த மிளகு, கிட்டத்தட்ட ஒரு டன், நம் மேற்குக் கரையில் விளைந்து கடல் கடந்தது.

பின்னர் பசி என்ற அதே ஆயுதம் கோத்துகள்மீது திருப்பிப் பிடிக்கப்பட்டது. ரோமத் தளபதி கான்ஸ்டான்டியஸ் போர்க்களத்தைத் தேடவில்லை. நார்போன் கடற்கரையை மறித்துக் கப்பல் எதுவும் வராமல் செய்தார். கோத்துகள் ஸ்பெயினுக்குள் தள்ளப்பட்டார்கள். அங்கே வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார் ஒரு கரண்டி கோதுமையை ஒரு சாலிடஸ் தங்கக் காசுக்கு விற்று, கோத்துகளைக் ‘கரண்டிகள்’ என்று கேலி செய்தார்கள். அந்தக் காசு நாலரை கிராம் தங்கம்; கரண்டி 180 மில்லிலிட்டருக்கும் குறைவு. 416-இல் கோத்து மன்னர் வாலியா, கைதியாக வைத்திருந்த பேரரசரின் சகோதரி கல்லா பிளாசிடியாவைத் திருப்பிக் கொடுத்தார். பதிலுக்கு ரோம் அளந்து கொடுத்தது 600,000 மோடியஸ் (ரோமத் தானிய அளவு) கோதுமை, அதாவது சுமார் 4,000 டன். ஆளுக்கு முக்கால் கிலோ என்ற அதே கணக்கில், 15,000 பேருக்கு ஒரு வருடச் சாப்பாடு.